வாய்மொழி வரலாறு எழுதுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சிக்காகோ வானொலியில் 45 ஆண்டுகள் நேர்காணல் நிகழ்ச்சி நடத்திய ஸ்டட்ஸ் டெர்கல் 1974இல் வெளியிட்ட ‘வேர்க்கிங்’ நூலில், உணவகப் பணிப்பெண்ணும் உருக்காலைத் தொழிலாளியும் தங்கள் வேலையைப் பற்றித் தாங்களே பேசுகிறார்கள். திருகோணமலை மக்களின் வாழ்வை அவ்வாறு பதிவுசெய்ய விரும்புவோர் முதலில் தவிர்க்க வேண்டியது, அழிவுகளை மட்டும் கேட்கும் பழக்கத்தை. 1942இன் யப்பானியக் குண்டுவீச்சு, 1964இன் சூறாவளி, போர், 2004இன் ஆழிப்பேரலை என்று கேள்விகளை அடுக்கிக்கொண்டு போனால், பலரிடமும் சொல்லிச் சொல்லித் தேய்ந்த விடையே கிடைக்கும். அந்தத் துயரங்கள் சிறியவை அல்ல. ஆனால் ஒருவருடைய ஆயுளின் பெரும்பகுதி தொழிலிலும் அடுப்படியிலும் கழிந்திருக்கிறது.

கரைவலை இழுத்த முதியவரிடம் “உங்கள் வாழ்க்கை அனுபவத்தைக் கூறுங்கள்” என்றால், “என்னத்தைச் சொல்ல, தம்பி” என்று நிறுத்திவிடுவார். வலையின் இரு பக்கக் கயிறுகளையும் இழுக்கும்போது யார் எந்த இடத்தில் நிற்பார், மீன் சேர்ந்த மடி கரையேறியதும் வலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டிக்குப் போக மற்றவர்களுக்குப் பங்கு எப்படிப் பிரிப்பார்கள் என்று கேளுங்கள். கைகளை நீட்டி மடக்கிக் காட்டியபடி பேசத் தொடங்குவார். பங்குக் கணக்கிலிருந்து கடனுக்கும், கடனிலிருந்து மகளின் கல்யாணத்துக்கும், அங்கிருந்து இடம்பெயர்ந்த நாட்களுக்கும் அவரே வந்துசேர்வார். 2009இல் கிண்ணியாப் பாலம் திறக்கப்படும் முன் ‘பாதை’ எனப்படும் மிதவையில் நீரைக் கடந்தவர்களிடமும், கடைசிப் பாதையைத் தவறவிட்ட இரவில் என்ன செய்தீர்கள் என்று கேட்பதே நல்ல தொடக்கம். பெண்களிடம் பேசும்போது வீட்டு ஆண்கள் பக்கத்தில் இருந்து விடை சொல்ல விடக்கூடாது. அவர்கள் இல்லாத நேரத்தில் மீண்டும் போக வேண்டும்.

எழுத்தில் நடக்கும் தவறு இன்னும் கவலைக்குரியது. மூதூரில் ஒருவர் ‘வாப்பா’ என்று சொன்னதைத் ‘தந்தையார்’ என்று திருத்தி அச்சிட்டால், பேசியவர் அந்தப் பக்கத்தில் இல்லாமல் போகிறார். டெர்கலும் பதிவுகளை வெட்டிச் சுருக்கியவர்தான். தம்முடைய கேள்விகளையும் பெரும்பாலும் நீக்கினார். சுருக்குவது தொகுப்பாளரின் வேலை. பேசாத சொல்லைப் பேசியவரின் வாயில் வைப்பது பொய். ஆண்டை ஒருவர் மாற்றிச் சொன்னால், அவருடைய பேச்சை அப்படியே விட்டு, சரியான ஆண்டை அடிக்குறிப்பில் தருவது போதும்.

பெயரை மாற்றிவிட்டால் அடையாளம் மறைந்துவிடும் என்று நம்புவதும் ஆபத்தானது. சிறிய ஊரில் தொழில், பிள்ளைகளின் எண்ணிக்கை, வீடு இருந்த ஒழுங்கை ஆகியவற்றைக் கொண்டே ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள். காணாமற்போனவர்களைப் பற்றியோ காணித் தகராற்றைப் பற்றியோ பேசியவருக்கு அதனால் உண்மையான தீங்கு நேரலாம். ஆகவே அச்சுக்கு அனுப்பும் முன் முழுப் பகுதியையும் அவருக்கு வாசித்துக் காட்ட வேண்டும். நீக்கச் சொன்னதை, எவ்வளவு அருமையான பகுதியாக இருந்தாலும், காரணம் கேட்காமல் நீக்க வேண்டும்.