என்ஃபோர்சரை எடைபோடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஐஸ் ஹாக்கியை முதல்முறை பார்ப்பவர்களுக்கு அந்தச் சண்டை அதிர்ச்சியாகத்தான் இருக்கும். இரண்டு பேர் கையுறைகளை உதறிவிட்டுக் குத்திக்கொள்கிறார்கள். நடுவர்கள் உடனே பாய்ந்து விலக்குவதில்லை. அதில் ஒருவர் பெரும்பாலும் என்ஃபோர்சர். அணியின் நட்சத்திர வீரரை யாராவது மோசமாக இடித்தால் பதில் சொல்ல வேண்டியவர் அவர்தான்.

அவரை முன்கோபி என்று நினைப்பதுதான் முதல் தவறு. வட அமெரிக்காவின் உச்ச ஹாக்கி லீக்கான என்.எச்.எல். போட்டிகளில் பல சண்டைகள் "மோதலாமா?" என்று கேட்டு, எதிராளி சம்மதித்த பிறகே தொடங்குகின்றன. சண்டை போட்டவருக்கு 5 நிமிடத் தண்டனை. வலுக்கட்டாயமாகத் தொடங்கிவைத்தவர் என்று நடுவர் முடிவுசெய்தால் கூடுதலாக 2 நிமிடம், அதோடு 10 நிமிட வெளியேற்றமும் உண்டு. நிதானம் இழப்பவர் சொந்த அணியைத்தான் ஆள் குறைவாக ஆடவைத்து மாட்டிவிடுவார்.

அடுத்தது, "இவருக்கு ஆடத் தெரியாது" என்ற முடிவு. இங்கே ஜான் ஸ்காட்டைப் பற்றிச் சொல்லியே ஆகவேண்டும். மிச்சிகன் டெக் பல்கலைக்கழகத்தில் இயந்திரப் பொறியியல் படித்துக்கொண்டே ஹாக்கி ஆடியவர். இளம் வீரர்களை அணிகள் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் எந்த அணியும் அவரை எடுக்கவில்லை. ஹூஸ்டன் ஏரோஸ் என்ற கீழ்நிலை அணியில் தொடங்கி, மினசோட்டா, சிகாகோ, நியூயார்க், பஃபலோ, சான் ஹோசே, அரிசோனா, மாண்ட்ரியல் என்று ஏழு என்.எச்.எல். அணிகளுக்கு ஆடினார். அத்தனை வருடத்தில் அடித்தது மொத்தம் 5 கோல்.

லீக்கின் நட்சத்திரங்கள் மட்டும் ஆடும் 2016 ஆல்-ஸ்டார் ஆட்டத்துக்கு ரசிகர்கள் கேலியாகத்தான் அவருக்கு வாக்களித்தார்கள். வாக்கில் முதலிடம்; லீக்கின் பிரிவுகளில் ஒன்றான பசிபிக் பிரிவின் அணிக்குக் கேப்டன் பதவி. ஆட்டம் நெருங்கும்போது அரிசோனா அவரை மாண்ட்ரியலுக்கு மாற்றிவிட்டது. மாண்ட்ரியலோ அவரை கனடாவின் நியூஃபவுண்ட்லாந்தில் இருந்த தன் கீழ்நிலை அணிக்கு அனுப்பியது. மனைவி இரட்டைக் குழந்தைகளைச் சுமந்துகொண்டிருந்த நேரம் அது. ஆனாலும் ஆல்-ஸ்டார் ஆட்டம் நடந்த நாஷ்வில் போய் ஆடினார். இரண்டு கோல் அடித்தார். சக வீரர்கள் அவரைத் தோளில் தூக்கிக்கொண்டார்கள். சிறந்த வீரருக்கான வாக்கெடுப்புப் பட்டியலில் அவர் பெயரே இல்லை. ரசிகர்கள் தாங்களாகவே பெயரை எழுதிப்போட்டு அவரை ஜெயிக்கவைத்தார்கள். அந்தக் காணொளியைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைத்துக்கொள்கிறது. உலகத்தின் உச்ச லீக்கில் கடைசி வரிசையில் நிற்கவே எவ்வளவு உழைப்பு வேண்டும் என்பதை நாம் யோசிப்பதே இல்லை.

அணி மாறிக்கொண்டே இருப்பதைத் தோல்வியாக எண்ணுவதும் சரியல்ல. அணியின் கடைசி ஆட்டக்குழுவான நான்காம் வரிசையில் ஒரு ஆட்டத்துக்குச் சில நிமிடங்களே ஆடுபவருக்கு நீண்ட ஒப்பந்தம் கிடைப்பது அரிது. தேவை வந்த அணி கூப்பிடும், அவர் போவார். அவ்வளவுதான்.

சரி, எனக்கு மிகவும் வலிக்கிற தவறுக்கு வருகிறேன். தண்டனை முடிந்து அவர், தண்டனை பெற்றவர்கள் உட்காரும் பெனால்டி பாக்ஸை விட்டு வெளியே வந்ததும் சண்டையும் முடிந்துவிட்டது என்று நினைக்கிறோம். மினசோட்டாவில் ஸ்காட்டோடு ஒரே அணியில் ஆடிய டெரெக் பூகார்டைப் பாருங்கள். 277 ஆட்டங்கள், 3 கோல், 589 பெனால்டி நிமிடங்கள். இந்த எண்களில் வீங்கிய விரல்களும் இல்லை, வலிமாத்திரைகளும் இல்லை. 2010 டிசம்பரில் நியூயார்க் ரேஞ்சர்ஸ் அணிக்காக ஆடியபோது ஒரு சண்டையில் தலையில் அடிபட்டது. அதன்பின் அவர் ஆடவே இல்லை. 2011 மே மாதம், 28 வயதில், மதுவும் ஆக்சிகோடோன் என்ற வலிமாத்திரையும் சேர்ந்ததால் தற்செயலாக இறந்துபோனார். பாஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அவர் மூளையைப் பரிசோதித்தபோது, தொடர்ந்து தலையில் அடிபடுபவர்களுக்கு வரும் சி.டி.ஈ. நோய் அதில் இருந்தது தெரிந்தது.

அதே கோடையில் ரிக் ரிப்பியன், வேட் பெலக் என்று இன்னும் இரண்டு என்ஃபோர்சர்கள் இறந்தார்கள். மூன்று மரணங்களுக்கும் ஒரே காரணத்தை எழுதிவிடுவதும் தவறுதான். ரிப்பியன் பல ஆண்டுகளாக மனச்சோர்வோடு போராடியவர். பூகார்ட் மாத்திரைப் பழக்கத்தோடு போராடியவர். ஒவ்வொருவர் கதையையும் தனித்தனியாகத்தான் கேட்க வேண்டும்.