ஓங்கிக் குத்தினால்தான் கேட்கும் பேட்டைச் சரிசெய்வது எப்படி?

கல்யாண வரவேற்புகளில் வாசிக்கும் சிறு குழு ஒன்றில், விரலால் தட்டி வாசிக்கும் மின்னணுத் தாளப் பெட்டி என் பொறுப்பு. நான்குக்கு நான்காக 16 ரப்பர் பேட்கள் கொண்டது. கீழ் வரிசையின் இடது மூலையில் இருக்கும் 1ஆம் பேட்டில் கிக் (காலால் மிதிக்கும் பெரிய டிரம்) ஒலியை வைத்திருக்கிறேன். பலரும் அங்கேதான் வைக்கிறார்கள். அதிகம் அடிவாங்கி முதலில் சோர்ந்துபோவதும் அதுதான். தீபாவளிக்கு முன்பு என் கிக் பேட், மெல்லத் தட்டினால் மௌனம், ஓங்கிக் குத்தினால் மட்டும் பதில் என்ற நிலைக்கு வந்துவிட்டது. சிங்கப்பூரின் வீவக அடுக்குமாடி வீட்டில் இரவு நேரத்தில் மேசையை அப்படிக் குத்திக்கொண்டிருந்தால் கீழ்வீட்டுக்காரர் எத்தனை நாள் பொறுப்பார்? திறந்து பார்த்தேன்.

முதலில் உள்ளே நடப்பதைப் புரிந்துகொள்ளுங்கள். ரப்பருக்கு அடியில் ஒரு மெல்லிய படலம் இருக்கிறது. அதன் ஒரு பக்கத்தில் இரண்டு சீப்புகளின் பற்களைக் கோத்ததுபோல மின்கோடுகள். எதிர்ப்பக்கத்தில் கரி கலந்த பூச்சு. இடையே மயிரிழை அளவு இடைவெளி. அழுத்த அழுத்தக் கரிப்பூச்சு கோடுகளில் கூடுதலாகப் படிந்து மின்தடை இறங்குகிறது. சும்மா இருக்கும்போது மெகா ஓம் கணக்கில் இருப்பது, பலமாக அழுத்தினால் சில கிலோ ஓமுக்கு வந்துவிடும். கருவி அந்த இறக்கத்தை அளந்து, அடியின் வேகத்தை 1 முதல் 127 வரையிலான மிடி (இசைக்கருவிகளும் கணினியும் பேசிக்கொள்ளும் முறை) எண்ணாக மாற்றுகிறது.

குச்சியால் அடிக்கும் பேட்கள் சிலவற்றில் இந்தப் படலத்துக்குப் பதிலாக வட்டமான பித்தளைத் தகட்டில், அதிர்வை மின்சாரமாக மாற்றும் பீசோ உணரி இருக்கும். அதற்கு இங்கே சொல்லும் முறை பொருந்தாது.

திறப்பதற்கு முன்

கருவியின் அமைப்புகளில் சென்சிடிவிட்டி (பேட்டின் உணர்திறன்), த்ரெஷோல்டு (எவ்வளவு மெல்லிய அடி வரை ஏற்கும் என்ற வரம்பு) இரண்டையும் பாருங்கள். யாராவது மாற்றி வைத்திருந்தால் வேலை அங்கேயே முடிந்துவிடும். ஒரு வரிசை முழுவதும் செத்திருந்தால் பெரும்பாலும் உள்ளே இருக்கும் தட்டையான பட்டைக் கேபிள்தான் காரணம். ஒரே ஒரு பேட் என்றால் அதன் ரப்பர் அல்லது படலம்.

மின்தடை அளக்கும் மல்டிமீட்டர், சிறிய ஸ்க்ரூ டிரைவர், இன்சுலேஷன் டேப், 99 விழுக்காட்டு ஐசோபுரோப்பைல் ஆல்கஹால், பஞ்சுக்குச்சி ஆகியவை போதும். மீட்டருக்கு ஜாலான் புசாரில் உள்ள சிம் லிம் டவருக்குப் போகலாம். டேப் வீட்டுப் பக்கத்துக் கடையிலேயே கிடைக்கும். காயம் துடைக்கும் 70 விழுக்காட்டு ஆல்கஹால் வேண்டாம், அதில் தண்ணீர் அதிகம்.

திறப்பது

யுஎஸ்பி, அடாப்டர் இரண்டையும் பிடுங்குங்கள். 230 வோல்ட் மின்கம்பி நேராகப் பெட்டிக்குள் போகும் கருவியாக இருந்தால், புதியவர்கள் திறக்கவே வேண்டாம். ஒவ்வொரு கட்டத்தையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பட்டைக் கேபிளை இழுக்கும் முன் அதன் இணைப்பியில் உள்ள சிறு தாழ்ப்பாளை நகத்தால் தூக்க வேண்டும். நான் அவசரத்தில் தூக்காமல் இழுத்து அதை உடைத்தேன். ஒட்டுப்போட்டுத்தான் இன்றுவரை ஓடுகிறது.

அளப்பது

இந்தப் படியைத் தாண்டிப் போகாதீர்கள். படலத்தை மேசையில் வைத்து, அதன் வால்பகுதியில் (கேபிளாக நீளும் முனையில்) மீட்டர் முனைகளை வையுங்கள். பழுதான பேட் இருக்கும் இடத்தை அழுத்திக்கொண்டே முனைகளை மாற்றிப் பார்த்தால், மின்தடை இறங்கும் ஜோடி கிடைக்கும். பக்கத்துப் பேட்டையும் அதேபோல் அளந்து ஒப்பிடுங்கள்.

இரண்டும் ஒன்றுபோல இறங்கினால் படலம் நலம்; ரப்பரின் அடிப்புடைப்பு தேய்ந்து, அழுத்தம் போய்ச் சேரவில்லை. அழுத்தாமலே மின்தடை குறைவாக இருந்தால் இடைவெளி அமுங்கிவிட்டது. தொடாமலே ஒலிக்கும் பேய்ப் பேட்களுக்கு இது வழக்கமான காரணம். எவ்வளவு அழுத்தியும் சரியாக இறங்காவிட்டால் கரிப்பூச்சு தேய்ந்திருக்கலாம். பின்னிரண்டுக்கும் அந்த மாடலுக்கு உரிய புதுப் படலம் வாங்குவதே நல்லது.

அடுக்குகள் ஒட்டாமல் தனித்தனியாக இருந்தால் மட்டும் சுத்தம் செய்யுங்கள். மின்கோடுகளை ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடைக்கலாம். கரிப்பக்கத்துக்கு உலர்ந்த மென்தூரிகை மட்டும்; ஆல்கஹால் பட்டால் பூச்சு கையோடு வந்துவிடலாம். நம் ஊர் ஈரப்பதத்துக்கு மின்விசிறியின் கீழ் ஒரு மணி நேரம் காயவிடுங்கள். முடி உலர்த்தியைக் காட்டினால் பசை இளகிவிடும்.

டேப் அடுக்குவது

என் படலம் நலமாக இருந்தது. எனவே டேப். மிருதங்கத்தின் இடந்தலையில் ரவை அப்புவதைப் பார்த்திருப்பீர்கள்; கூடினாலும் கெட்டது, குறைந்தாலும் கெட்டது. இதுவும் அப்படித்தான்.

ரப்பரின் அடிப்புடைப்பைவிடச் சற்றுச் சிறிய சதுரமாக வெட்டி, படலத்தின் மேல், பேட்டின் நடுவில் ஒட்டுங்கள். ரப்பரில் ஒட்டப் பார்க்காதீர்கள். சிலிக்கோனில் சாதாரணப் பசை நிற்காது. படலத்தின் ஓரத்துப் பசைக் கோட்டையும் காற்று போகும் சிறு வழியையும் மூடக் கூடாது. இரண்டு அடுக்கில் தொடங்குங்கள். சிலர் ஒரு மில்லிமீட்டர் கார்க் தாள் வைக்கிறார்கள். தொடக்கத்துக்கு அது அதிகம் என்பது என் கருத்து, டேப்பில் அடுக்கடுக்காகக் கூட்டவும் குறைக்கவும் முடியும்.

மூடியை வைத்து, எதிரெதிர் மூலைகளாகத் திருகாணிகளை முடுக்குங்கள். அளவுக்கு மீறி இறுக்கினால் அதுவே பேட்டை அழுத்திவிடும். பிறகு கணினியில் மிடி எண்களைப் பாருங்கள். விரல் நுனியால் தட்டினால் சிறிய எண்ணும் பலமாக அடித்தால் 120ஐத் தாண்டியும் வர வேண்டும். எதைத் தட்டினாலும் 127 என்றால் ஓர் அடுக்கை உரியுங்கள்.

நான் ஆசைப்பட்டு முதலில் ஐந்து அடுக்கு வைத்தேன். பெட்டியைத் தூக்கினாலே கிக் ஒலித்தது. மூன்றில் சரியானது, அதே வேளையில் ஸ்னேர் (இன்னொரு டிரம் ஒலி) பேட்டுக்கும் செய்தேன், அதற்கு இரண்டே போதும். எந்தப் பேட்டுக்கு எத்தனை என்று மூடியின் உட்புறத்தில் எழுதி ஒட்டியிருக்கிறேன், அடுத்த முறை திறக்கும்போது பார்த்துக்கொள்ள.