சின்ன போர்டில் சர்வர் ஓட்டுபவர்களுக்கு

ஈஎஸ்பி8266 (வைஃபை உள்ள மலிவான சிப்) போன்ற சின்ன போர்டில் டிசிபி சர்வர், அதாவது நெட்வொர்க் வழியே மற்ற கருவிகளின் இணைப்பை ஏற்றுத் தரவு பரிமாறும் நிரல் எழுதி, முதல் நாள் நன்றாக ஓடி, அப்புறம் புது இணைப்பையே ஏற்காமல் அடம்பிடிக்கிறதா? பெரும்பாலும் செத்துப்போன இணைப்புகள்தான் காரணம். போன் வைஃபை எல்லையைத் தாண்டிப் போனாலோ மறுமுனையில் கரண்ட் போனாலோ, இணைப்பு முடிந்தது என்ற செய்தி வராது. போர்டு அதை உயிரோடு இருப்பதாகவே நினைத்து இடத்தைப் பிடித்து வைத்திருக்கும். இந்த போர்டுகளில் ஓடும் எல்டபிள்யூஐபி (lwIP) என்ற நெட்வொர்க் நூலகத்தின் இயல்பு அமைப்பில் ஒரே நேரத்தில் 5 டிசிபி இணைப்புகளுக்குத்தான் இடம்.

கீப்அலைவ் (மறுமுனை உயிரோடு இருக்கிறதா என்று டிசிபியே சோதிக்கும் வசதி) பார்த்துக்கொள்ளும் என்று விட்டுவிடாதீர்கள், அதன் இயல்பான காத்திருப்பு 2 மணி நேரம்.

அதனால் நீங்களே சோதியுங்கள். கிளையன்ட் (சர்வரோடு இணையும் மறுமுனை) 10 விநாடிக்கு ஒருமுறை ஒரே ஒரு பைட்டாவது அனுப்பட்டும். சர்வரில் ஒவ்வொரு இணைப்புக்கும் கடைசியாகத் தரவு வந்த நேரத்தைக் குறித்து வைத்து, 30 விநாடி சத்தமில்லை என்றால் மூடிவிடுங்கள். ஆனால் ஒன்று, நேரத்தை ஒப்பிடும்போது இப்போதைய நேரத்திலிருந்து பழையதைக் கழித்துத்தான் பார்க்க வேண்டும். பழையதோடு 30 விநாடியைக் கூட்டிப் பார்த்தால், 32 பிட் மில்லி விநாடிக் கணக்கு சுமார் 49.7 நாளில் சுழியத்துக்குத் திரும்பும்போது உதைக்கும். கணக்கு மாறியை அன்சைன்ட் (unsigned, மைனஸ் மதிப்பு இல்லாத வகை) ஆக வையுங்கள்.