காட்டுல தப்பிச்ச லென்ஸ் வீட்டு அலமாரியில போச்சு

போன வாரம் பட்டர்வர்த்துல நாசி கண்டார் கடையில ஒரு தம்பி கேமராவ நீட்டி, "அண்ணே, படம் எல்லாம் ஏன் புகை மூட்டமா வருது?"ன்னு கேட்டான். குனுங் தஹான் மலை ஏறிட்டு வந்து மூணு வாரம் ஆச்சாம். லென்ஸக் கழட்டி ஃபோன் டார்ச் அடிச்சுப் பார்த்தா உள்ள சிலந்தி வலை மாதிரி வெள்ளை நூல். எனக்கு வயிறு எரிஞ்சது, இதே தப்ப நான் 2017லயே பண்ணிட்டேன்.

காட்டுக்கு கேமரா தூக்கிட்டுப் போறவங்க பண்ற தப்புல மெமரி கார்டு மறந்தது, மூடியக் கழட்டாம சுட்டது எல்லாம் விட்டுடறேன், ஒரு தடவை பட்டா தானா திருந்திடுவீங்க.

ஈர பேக்க அப்படியே மூலையில போடறது

நானும் தஹான்தான் போனேன், மெராபோ வழியா, நாலு நாள். 2,187 மீட்டர், மலேசியத் தீபகற்பத்துலயே உசரமான மலை. ஆறு தாண்டறப்ப கேமராவ தலைமேல தூக்கிட்டு நடந்து, மழைன்னா டிரை பேக்ல சுத்தி, ராத்திரி டென்ட்ல பக்கத்துலயே படுக்க வெச்சு, கைப்புள்ள மாதிரி பார்த்துக்கிட்டேன். ஞாயித்துக்கிழமை ராத்திரி வீட்டுக்கு வந்தேன், பேக்க அலமாரியில தள்ளிக் கதவ சாத்தினேன், மறுநாள் வேலை, அந்த வாரக் கடைசியில சொந்தத்துல கல்யாணம், பன்னெண்டு நாள் ஓடிப்போச்சு. திறந்தப்பவே ஊறின துணி வாடை. ரிப்பேர் கடைக்காரர் லென்ஸ வெளிச்சத்துல திருப்பிப் பார்த்துட்டு, பூசணம் கண்ணாடி மேல இருக்கற கோட்டிங்க தின்னுடுச்சு, துடைச்சாலும் தழும்பு நிக்கும்னார். அவர் கேட்ட காசுக்கு செகண்ட்ஹேண்ட்ல இன்னொரு லென்ஸே வாங்கலாம். காட்டுல போயிருந்தாக்கூட மனசு ஆறியிருக்கும், என் வீட்டு அலமாரியிலல்ல போச்சு!

பூசண வித்து காத்துல எப்பவும் இருக்கு. அதுக்கு வேண்டியது ஈரம், இருட்டு, காத்தோட்டம் இல்லாத இடம். நம்ம பினாங்குல சாதாரண நாள்லயே ஈரப்பதம் 80 சதவீதம் தொடும், இதுல வேர்வை ஊறின பேக் வேற.

அதனால வந்த ராத்திரியே, குளிக்கறதுக்கு முன்னாடி, எல்லாத்தையும் வெளிய எடுங்க. துடைச்சு ஃபேன் காத்துல வைங்க. பேக்கும் ஸ்ட்ராப்பும் வெயில்ல தனியா காயட்டும். அப்புறம் டிரை பாக்ஸ், அதாவது ஈரத்தக் குறைக்கற பெட்டி, உள்ள ஈரப்பதம் 40லேருந்து 50 சதவீதத்துக்குள்ள. பட்ஜெட் இல்லன்னா காத்துப் புகாத பிளாஸ்டிக் டப்பா, சிலிக்கா ஜெல், ஈரப்பதம் காட்டற சின்ன மீட்டர் போதும். ஜெல் நிறம் மாறினா சூடு பண்ணிக் காய வைக்கலாம், ஆனா அம்மா சட்டியில வறுக்காதீங்க, நீல ஜெல்ல இருக்கற கோபால்ட் விஷம். அரிசி டப்பாக்குள்ள கேமராவப் புதைக்கச் சொல்றவங்க பேச்சக் கேக்காதீங்க, தூசிதான் மிச்சம்.

ஏர்கோன் காடியிலேருந்து இறங்கின உடனே சுடறது

கண்ணாடி பூரா பனி படியும். கேமராவ ஜிப் பைக்குள்ள அரை மணி நேரம் விடுங்க.

பேட்டரி

கினபாலு உச்சியில விடியக்காலைக் குளிருக்கு சார்ஜ் சட்டுன்னு இறங்கும். சட்டைக்குள்ள வைங்க.

டிரோன்

பெர்மிட் இல்லாம வேணாம்.

அருவி நடுவுல டிரைபாட் வெச்சு மெய்மறந்து நிக்கறது

இங்க வெயில் அடிக்கும், மேல மலையில கொட்டிக்கிட்டிருக்கும். தெளிஞ்ச தண்ணி திடீர்னு கலங்கி, இலையும் குச்சியும் வந்தா அதுதான் கெப்பாலா ஆயிர், அதாவது திடீர் காட்டாத்து வெள்ளம், வர்ற அடையாளம், உடனே கரையேறிடுங்க. டிரைபாட மடக்கிட்டு நிக்காதீங்க. என்னோட ஒண்ணு எந்தப் பாறை இடுக்குல கிடக்கோ.