கிறிஸ்துமஸ் கைவேலை: சென்னை வீடுகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இணையத்தில் கிடைக்கும் கிறிஸ்துமஸ் கைவேலை வீடியோக்களில் பெரும்பாலானவை குளிரும் வறண்ட காற்றும் உள்ள ஊர்களில் எடுக்கப்பட்டவை. ஹீட்டர் ஓடும் அறையில் மாவு பொம்மை ஒரே இரவில் கல்லாகிவிடும். இங்கே டிசம்பரில் வடகிழக்குப் பருவமழை முழுதாக ஓய்ந்திருக்காது. வர்தா புயல் வந்தது 2016 டிசம்பர் 12 அன்று, மிக்ஜாம் வந்தது 2023 டிசம்பர் முதல் வாரத்தில். கொடியில் போட்ட துணியே காயாத மாதத்தில்தான் நாம் பசையையும் பெயின்டையும் காயவைக்கப் பார்க்கிறோம். அதனால் செய்முறையை எழுத்துப் பிசகாமல் பின்பற்றியும் வேலை கெட்டுப்போவது சகஜம்.

உப்பு மாவு பொம்மை

முதலில் கெடுவது இதுதான். மைதா 2 பங்கு, தூள் உப்பு 1 பங்கு, தண்ணீர் ஏறத்தாழ 1 பங்கு பிசைந்து, நட்சத்திரம், மணி என்று வெட்டி, ஓவனில் 100 டிகிரியில் இரண்டு மூன்று மணி நேரம் காயவைப்பது வழக்கமான முறை. வெளியே எடுக்கும்போது கல் மாதிரி இருக்கும். நாலைந்து நாளில் மேற்பரப்பு பிசுபிசுக்கும், பெயின்ட் உரியும், தொங்கவிட்ட துளை பிய்ந்து பொம்மை கீழே விழும்.

காரணம் உப்பு. காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு அந்த ஈரத்தை இழுத்துக்கொண்டு கசியத் தொடங்கும். மழைக்காலத்தில் சமையலறை உப்பு ஜாடியில் நடப்பதும் இதேதான். சென்னையில் டிசம்பர் காலை வேளைகளில் அந்த அளவு சர்வசாதாரணம். வீடியோவில் இந்தச் சிக்கலைச் சொல்லமாட்டார்கள், ஏனென்றால் அவர்கள் ஊரில் அது வருவதில்லை.

உப்பு மாவில்தான் செய்ய வேண்டுமென்றால் கனம் 5 முதல் 6 மில்லிமீட்டர் இருக்கட்டும். பாதியில் திருப்பிப்போட்டு இருபுறமும் காயவையுங்கள். ஆறிய அன்றே வார்னிஷ் மூன்று கோட் கொடுங்கள். முன்பக்கம் மட்டும் பூசி விடுவதுதான் பலரும் செய்யும் பிழை. பின்பக்கமும் ஓரமும் துளையின் உட்சுவரும் பூசப்படாவிட்டால் ஈரம் அந்த வழியே ஏறும்.

எங்கள் பரிந்துரை, உப்பைக் கைவிட்டுச் சோளமாவுக்கு மாறுவது. சோளமாவு (கார்ன்ஃப்ளவர்) 1 கப், வெள்ளை ஃபெவிகால் 1 கப், எண்ணெய் 1 மேசைக்கரண்டி, வினிகர் அல்லது எலுமிச்சைச் சாறு 1 மேசைக்கரண்டி. எல்லாவற்றையும் கட்டியில்லாமல் கரைத்து, பழைய நான்ஸ்டிக் சட்டியில் சிறு தீயில் கிளறினால், சில நிமிடங்களில் ஓரத்தை விட்டுத் திரண்டு ஒரே உருண்டையாக வரும். அதற்கு மேல் கிளறினால் ரப்பராகிவிடும். வெதுவெதுப்பாக இருக்கும்போதே பிசைந்து, பாலிதீனில் சுற்றி வைத்துக்கொண்டு, வேண்டியதை மட்டும் எடுங்கள். 3 மில்லிமீட்டர் கனத்தில் தேய்த்த வில்லை நிழலில் இரண்டு மூன்று நாளில் காயும். தினம் இருமுறை திருப்ப வேண்டும். நேர் வெயிலிலோ ஃபேனுக்கு நேர் கீழேயோ வைத்தால் ஒரு பக்கம் முன்னதாகச் சுருங்கி வில்லை வளையும். துளையும் காயும்போது சுருங்கும் என்பதால் முதலிலேயே சற்றுப் பெரிதாகப் போடுங்கள். அந்தச் சட்டி மறுபடி அடுப்படிக்குப் போகக் கூடாது.

ஆரஞ்சு வில்லைகளை உலர்த்திக் கோக்கும் அலங்காரமும் இதே கதிதான். இரண்டாம் வாரத்தில் பூஞ்சை வரும், அதற்கு முன்பே எறும்பு வந்திருக்கும். மளிகைக்கடை அன்னாசிப்பூவும் பட்டையும் ஏற்கெனவே உலர்ந்தவை, மணமும் உண்டு. அன்னாசிப்பூ இயல்பிலேயே நட்சத்திரம். வேறென்ன வேண்டும்?

கார்த்திகை தீபத்துக்கு வாங்கி ஏற்றாமல் மிஞ்சிய அகல்கள் இருந்தால் கவிழ்த்து மணியாக்கலாம். எண்ணெய் பட்ட அகலில் பெயின்ட் பிடிக்காது, புதியதுதான் வேண்டும். சுட்ட மண் பெயின்ட்டை உறிஞ்சித் திட்டுத்திட்டாகக் காட்டும். முதலில் ஃபெவிகாலும் தண்ணீரும் சரிபாதி கலந்து ஒரு கோட் அடித்து, காய்ந்தபின் அக்ரிலிக் பூசுங்கள். போஸ்டர் கலர் ஈரக்கை பட்டாலே கையோடு வந்துவிடும்.

ஸ்டார் கட்டும்போது

கடையில் மடித்து விற்கும் ஸ்டாரை விரித்து மாட்டுவது ஐந்து நிமிட வேலை. மூங்கில் சிம்பு வைத்து வீட்டில் கட்டுவதற்கு ஒரு நாள் வேண்டும். அதில் பாதி நாள் கோணலைச் சரிசெய்வதிலேயே போகும். அளவு குறிக்காமல் கண்ணால் பார்த்துக் கட்டுவதால் வருவது அது.

அளவு எளிது. ஒரே நீளமுள்ள 10 சிம்புகள் வேண்டும், ஒரு ஸ்டாருக்கு 5 வீதம் முன்பக்கத்துக்கு ஒன்று, பின்பக்கத்துக்கு ஒன்று. 60 செ.மீ. சிம்பென்றால் ஒவ்வொன்றிலும் 23 செ.மீ.யிலும் 37 செ.மீ.யிலும் குறியிடுங்கள். சிம்புகள் ஒன்றையொன்று வெட்டும் இடங்கள் அந்தக் குறிகளில்தான் விழ வேண்டும். வேறு நீளமென்றால் 0.38, 0.62 ஆகியவற்றால் பெருக்கிக்கொள்ளுங்கள். மேலும் கீழுமாகப் பின்னி, முதலில் ஐந்து முனைகளையும், பிறகு ஐந்து வெட்டுமிடங்களையும் நூலால் கட்டுங்கள். ரப்பர் பேண்ட் தற்காலிகப் பிடிப்புக்கு மட்டும். அப்படியே விட்டால் சில வாரத்தில் நைந்து அறும்.

இரண்டு ஸ்டார்களையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து முனைகளைச் சேர்த்துக் கட்டியபின், உள் வெட்டுமிடங்கள் ஐந்திலும் 15 செ.மீ. குச்சிகளை நிறுத்தினால் நடுப்பகுதி உப்பிக்கொண்டு வரும். காய்ந்த சிம்பு இந்த இடத்தில்தான் முறியும். கட்டுவதற்கு முன் சிம்புகளை ஓரிரு மணி நேரம் தண்ணீரில் ஊறவைத்தால் வளையும். ஆனால் சட்டம் முழுதாகக் காய்ந்த பிறகே தாள் ஒட்ட வேண்டும். அவசரப்பட்டால் ஈர மூங்கிலிலிருந்து தாளில் பழுப்புக் கறை ஏறும், பசையும் பிடிக்காது.

தாளை முக்கோணம் முக்கோணமாக வெட்டி ஒட்டத் தேவையில்லை. முன்பக்கத்துக்கு ஒரே நட்சத்திரத் தாள், பின்பக்கத்துக்கு ஒன்று, பக்கவாட்டுக்கு 10 குறுகிய முக்கோணங்கள். ஓரத்தில் 2 செ.மீ. கூடுதலாக விட்டுச் சிம்பின்மேல் மடித்து ஒட்டுங்கள். பக்கவாட்டு முக்கோணங்களில் மேலே ஒன்றும் கீழே ஒன்றும் திறந்தே இருக்கட்டும், பல்பு மாட்டவும் சூடு வெளியேறவும். பால்கனியில் மழைச்சாரல் படுமென்றால் பட்டத்தாள் வேண்டாம். மெல்லிய பாலியஸ்டர் துணி வெளிச்சத்தையும் விடும், நனைந்தாலும் காயும். தாளே போதும் என்பவர்களுக்கு ஆண்டர்சன் தெருவில் எந்தக் கனத்திலும் கிடைக்கும்.

பல்பு விஷயத்தில் சமரசமே கூடாது. பழைய 40 வாட், 60 வாட் குண்டு பல்பைத் தாள் ஸ்டாருக்குள் போடுவது தீயை அழைப்பது. 3 முதல் 5 வாட் எல்.இ.டி. தாராளம். அது எந்தப் பக்கமும் தாளைத் தொடாமல் நடுவில் தொங்க வேண்டும். ஸ்டாரின் பாரம் வயரில் விழக் கூடாது, தனிக் கயிற்றில் கட்டுங்கள். வயர் ஹோல்டருக்குள் நுழைவதற்கு முன் ஒரு வளைவாகக் கீழே இறங்கி ஏறட்டும். மழைநீர் அந்த வளைவின் அடியில் சொட்டிவிடும், ஹோல்டருக்குள் போகாது. வீட்டுக்குள் மாட்டுவதற்கான மெல்லிய வயர் சீரியல் செட்டை மொட்டைமாடிக்குக் கொண்டுபோகாதீர்கள். ரிச்சி தெருவில் வாங்கும்போதே வெளிப்புறத்துக்கானதா என்று கேட்டு வாங்குங்கள்.

பசை பிடிக்காததும், அதிகம் பிடிப்பதும்

தெர்மாகோலில் ஸ்ப்ரே பெயின்ட் அடித்ததும் குழிகுழியாக உருகினால் பெயின்ட் போலி என்று அர்த்தமல்ல. அதிலுள்ள கரைப்பான் தெர்மாகோலைக் கரைக்கிறது. இன்ஸ்டன்ட் பசையும் ரப்பர் பசையும் இதையே செய்யும். ஃபெவிகால் கரைசலை இரண்டு கோட் பூசி, காய்ந்தபின் அக்ரிலிக் அடியுங்கள். க்ளூ கன் சூடான நிலையில் தெர்மாகோலில் ஓட்டை போட்டுவிடும். குறைந்த சூட்டு கன் என்றால் பசையை ஒட்டும் பொருளில் வைத்து, சில நொடி ஆறவிட்டு அழுத்துங்கள்.

தாளுக்குத் தாள் ஒட்ட ஃபெவிகாலைக் கொட்டுவது இன்னொரு வழக்கம். அதிலுள்ள தண்ணீரில் தாள் ஊறி அலையலையாகும். மெல்லிய தாளுக்கு க்ளூ ஸ்டிக் அல்லது டபுள் சைடு டேப். மைதா பசை மலிவுதான், ஆனால் அது கரப்பான் பூச்சிக்கு விருந்து. பூச்சி வராமலிருக்க மயில்துத்தம் கலக்கும் பழைய போஸ்டர் ஒட்டும் முறை விஷம், குழந்தைகள் இருக்கும் இடத்தில் வேண்டவே வேண்டாம்.

வாழ்த்து அட்டைக்கு 250 முதல் 300 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு இத்தனை கிராம்) தாள் சரி. மடிப்பு வெடித்து வெள்ளை நார் தெரிகிறதா? தாளின் இழைப்போக்குக்குக் குறுக்கே மடித்திருக்கிறீர்கள். மடிக்கும் முன் இருபக்கமும் லேசாக வளைத்துப் பாருங்கள், எந்தப் பக்கம் எளிதாக வளைகிறதோ அதுதான் மடிக்க வேண்டிய திசை. மை தீர்ந்த பால்பாயிண்ட் பேனாவால் ஸ்கேல் வைத்து ஒரு கோடு அழுத்திய பிறகு மடியுங்கள்.

பனை ஓலையில் செய்பவர்கள் ஓலையை ஈரத்துணியில் ஒரு மணி நேரம் சுற்றிவைத்தால் போதும், கிழியாது. நான்கு பட்டையில் பின்னும் நட்சத்திரத்துக்கு 1.5 செ.மீ. அகலமென்றால் 45 செ.மீ. நீளம் வேண்டும். நீளம் குறைந்தால் கடைசிக் கூம்புகளுக்கு ஓலை எட்டாது. பட்டைகளின் அகலம் ஆரம்பம் முதல் முடிவு வரை ஒரே சீராக இருப்பது அதைவிட முக்கியம்.

குடில்

குடிலுக்குப் பசுமை சேர்க்கக் கேழ்வரகும் கடுகும் முளைவிடுவது நல்ல பழக்கம், ஆனால் நாள் கணக்கு தப்பிப்போகும். டிசம்பர் முதல் தேதியே விதைத்தால் 24ஆம் தேதி பயிர் மஞ்சளாகிச் சாய்ந்திருக்கும். கேழ்வரகை டிசம்பர் 14, 15 வாக்கிலும், கடுகை 18 வாக்கிலும் விதையுங்கள். ஓர் இரவு ஊறவைத்து, அடியில் துளையுள்ள தட்டில் மெல்லிய மண் பரப்பித் தூவுங்கள். முளைத்ததும் ஜன்னலோரம் வைக்க வேண்டும். தண்ணீர் தேங்கினால் வேரில் பூஞ்சை பிடித்து நாறும்.

கொலுப் பெட்டியில் இருக்கும் மாடு, ஆடு, தென்னை மரம் எல்லாம் குடிலுக்கு வரலாம், தாராளமாக. உயரத்தை மட்டும் பாருங்கள். யோசேப்பைவிடக் கோழி பெரிதாக இருக்கும் குடில்கள் நம் ஊரில் நிறைய உண்டு, குழந்தைகள் அதைக் கேட்காமல் விடமாட்டார்கள். பெரிய உருவங்களை முன்னாலும் சிறியவற்றைப் பின்னாலும் வைத்தால் தூரம்போல் தெரியும்.

வைக்கோல் கூரைக்குள் சீரியல் லைட்டைச் சுற்றுவதும், பனி என்று பஞ்சை பல்பின்மேல் போடுவதும் வேண்டாம். பெத்லகேமுக்குப் பஞ்சுப் பனி தேவையா என்பது வேறு கேள்வி. விளக்கைக் குடிலுக்கு வெளியே, மேலிருந்து விழும்படி வையுங்கள்.

பலர் சேர்ந்து செய்யும்போது

அக்கம்பக்கத்துக் குழந்தைகளையும் உறவினர்களையும் கூட்டி உட்காரும் நாளில், ஒரே மதியத்தில் அட்டை, மாலை, பொம்மை, மெழுகுவர்த்தி என்று நான்கைத் திட்டமிட்டால் ஒன்றும் முடியாது. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு வேலை, அதுவும் அன்றே காய்ந்து கையில் எடுத்துப்போகக் கூடியதாக இருக்கட்டும். வெட்டும் வேலையை முந்தைய நாளே பெரியவர்கள் முடித்துவைத்தால் கத்தரிக்கோலுக்குச் சண்டை வராது. க்ளூ கன் ஒன்று, ஒரு பெரியவர் கையில், சுவரோரம், வயர் யார் காலிலும் தட்டாமல்.

ஃபேன் பிரச்சினை தனி. போட்டால் ஜிகினாத் தூள் வீடெங்கும் பறக்கும், நிறுத்தினால் வேர்த்துக் கொட்டித் தாளில் கைரேகை விழும். தூள் வேலையை ஒரு பெரிய தட்டுக்குள், ஃபேன் நிறுத்திய பத்து நிமிடத்தில் முடித்துக்கொண்டு, மற்றதற்கெல்லாம் ஃபேன் ஓடட்டும். பாக்கெட்டில் "நச்சற்றது" என்று இருந்தாலும் அந்தத் தூள் உண்ணத் தக்கதல்ல, கேக்கின் மேல் தூவாதீர்கள். பட்டன் பேட்டரி போட்ட குட்டி எல்.இ.டி. விளக்குகளைச் சின்னக் குழந்தைகளுக்குக் கொடுக்கும்முன் மூடி திருகால் பூட்டியிருக்கிறதா பாருங்கள். அந்த பேட்டரியை விழுங்கினால் உணவுக்குழாயையே அரித்துவிடும், உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

மெழுகுவர்த்திக்குக் க்ரேயானைச் சீவிப் போட்டு நிறம் ஏற்றுவது பார்க்க அழகு, ஆனால் அந்த நிறத்துகள் திரியை அடைத்துச் சுடரை அணைக்கும். மெழுகுக்கான சாயமே சரி. மெழுகை நேரடித் தீயில் உருக்காமல் கொதிநீர்ப் பாத்திரத்துக்குள் வைத்து உருக்குங்கள். தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றக் கூடாது, மூடியால் மூடி அடுப்பை அணைக்க வேண்டும்.

ஜனவரி 6 திருக்காட்சிப் பெருவிழா (மூன்று ராஜாக்கள் திருநாள்) முடிந்து எல்லாவற்றையும் கட்டிவைக்கும்போது, வெயில் உள்ள ஒரு நாள் பார்த்து முழுதாகக் காயவைத்து, செய்தித்தாளில் சுற்றி, சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு மூடியுள்ள டப்பாவில் போடுங்கள். தெர்மாகோல் சாமான் இருக்கும் பெட்டியில் பாச்சை உருண்டை மட்டும் வேண்டாம், அதன் ஆவியில் தெர்மாகோல் இளகிவிடும்.