கையெழுத்துப் போடுகிறவர் எல்லாம் கல்லூரியோடு இருக்கிறாரா?

மருத்துவக் கல்லூரியில் துறைத் தலைவராக வருகிறவர்களில் பலர் நல்ல மருத்துவர்கள், நல்ல பேராசிரியர்கள். பணிமூப்பு அவர்களை அந்த நாற்காலியில் உட்கார வைத்துவிடுகிறது. சக ஆசிரியர்களை எப்படி நடத்துவது என்பதை மட்டும் யாரும் சொல்லித்தருவதில்லை.

அவர்கள் அடிக்கடி செய்யும் தவறு, வருகையைப் பணிப்பற்று என்று எண்ணிக்கொள்வது. மருத்துவக் கல்வியை ஒழுங்குபடுத்தும் தேசிய மருத்துவ ஆணையம் 2023இல் ஆசிரியர்களுக்கு 75 சதவீத வருகையைக் கட்டாயமாக்கியது. 2025 மே முதல் கைரேகை போய், முகம் காட்டும் முறை வந்தது. ஆளில்லாமலே கணக்குக் காட்டிய கல்லூரிகளுக்கு இந்தக் கடிவாளம் தேவைதான். ஆனால் ஆள் வந்தாரா என்பதற்கு மேல் அந்தக் கருவிக்கு எதுவும் தெரியாது. கனடா உளவியலாளர்கள் ஜான் மேயரும் நடாலி ஆலனும் பணிப்பற்றை மூன்றாகப் பிரித்தார்கள். மனம் ஒன்றி இருப்பவர், விட்டுப்போனால் நட்டம் என்று இருப்பவர், கடமைப்பட்டதாக உணர்ந்து இருப்பவர். மூவரின் முகமும் கருவிக்கு ஒன்றுதான். மாலை நான்கு மணிக்குமேல் வார்டில் நின்று, ஸ்டெதஸ்கோப்பை எங்கே வைப்பது என்று ஒரு மாணவிக்கு மூன்றாம் முறையாகக் காட்டித்தருபவர் யார் என்பது துறைத் தலைவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

சில தனியார் கல்லூரிகளில் ஆசிரியர்களின் அசல் சான்றிதழ்களை பீரோவில் பூட்டி வைக்கிறார்கள். பிடித்து வைப்பது வேறு, தக்கவைப்பது வேறு.

பிறர் உழைப்பைத் தன் பெயரில் எழுதிக்கொள்வது அதைவிட மோசம். 2019இல் எம்.பி.பி.எஸ். படிப்புக்குத் திறன்சார் பாடத்திட்டம் வந்தபோது நான் ஒரு கல்லூரியில் உடலியங்கியல் உதவிப் பேராசிரியர். சிறு குழு வகுப்பு, முதலாண்டிலேயே நோயாளியைப் பார்க்கும் வகுப்பு, மாணவர் செய்த பயிற்சிகளைக் குறித்துவைக்க ஆளுக்கொரு லாக்புக் என்று வேலை குவிந்தது. துறையில் இளையவர் ஒருவர் பல இரவுகள் விழித்து, குழு வகுப்புகளுக்கான நோயாளிக் கதைகளை எழுதினார். பாடத்திட்டக் குழுக் கூட்டத்தில் தலைவர் அதை "நான் தயாரித்தது" என்று வாசித்தார். எழுதியவர் பக்கத்து நாற்காலியில் பேனா மூடியைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தார். அதன்பின் கேட்டதைக் குறையில்லாமல் செய்தார். கேட்காததைத் தொடவே இல்லை. துறையில் அதைக் கவனித்தவர்களும் அதிகமில்லை.

சுதந்திரம் தருகிறேன் என்று ஒதுங்கிக்கொள்வதும் தவறுதான். தலைமைப் பண்பை ஆராய்ந்த அமெரிக்க அறிஞர் பெர்னார்டு பாஸ் வகுத்த தலைமைப் பாணிகளில் ஆகக் கடைசியில் நிற்பது இந்தத் தலையிடாத் தலைமை. அகமதிப்பீட்டு மதிப்பெண்ணைக் கூட்டச் சொல்லிப் பெற்றோர் வந்து சத்தம் போடுகிறார்கள். "நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்" என்று தலைவர் கதவைச் சாத்துகிறார். அடுத்த முறை அந்த ஆசிரியர் மதிப்பெண்ணைத் தாராளமாகப் போட்டுவிடுவார், வேறென்ன செய்வார்? ரவுண்ட்ஸில் மாணவர்கள் முன்னால் உதவிப் பேராசிரியரைத் திட்டுவதைப் பற்றி நான் சொல்லித்தான் தெரிய வேண்டுமா?

இதற்கெல்லாம் மருந்து ஊக்கமூட்டும் பேச்சுதான் என்று நினைப்பவர்கள் உண்டு. பணிப் பட்டியல் நியாயமாக இருக்கிறதா, தேர்வு வேலை ஒருவர் தலையிலேயே விழுகிறதா என்று முதலில் பார்க்கலாம். கல்லூரியின் எதிர்காலம் பற்றி அரை மணி நேரம் உருக்கமாகப் பேசிய ஒரு முதல்வரை எனக்குத் தெரியும். எங்கள் பதவி உயர்வுக் கோப்பு மூன்று மாதமாக அவர் மேசையில்தான் கிடந்தது. திரும்பி வந்தபோது மேலட்டையில் தேநீர்க் குவளையின் வட்டம் பதிந்திருந்தது, கையெழுத்து இல்லை.