வாடைக் காலத்தில் நெடும்பயணம்: படகைத் தயார்செய்வது எப்படி?

செட்டிநாட்டு வீடுகளின் தேக்குத் தூண்கள் பர்மாவிலிருந்து கப்பலேறி வந்தவை. ஆனால் இன்று தேவகோட்டையில் படகு ஓட்டத் தெரிந்தவர்கள் மிகக் குறைவு. கடலைப் பார்க்கவே திருவாடானை வழியாகத் தொண்டிக்குப் போகவேண்டும். அங்கே பைபர் படகு வாங்கி நிறுத்தியிருக்கும் புதியவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

கார்த்திகை, மார்கழியில் தொண்டியிலிருந்து வடக்கே மல்லிப்பட்டினம் போகிறவர்களுக்கு வாடைக்காற்று அணியத்தில், அதாவது படகின் முன்பக்கத்தில், வந்து மோதும். பாக் விரிகுடா ஆழம் குறைந்தது. அலை குட்டையாகவும் செங்குத்தாகவும் எழும்.

1. பெட்ரோல்

முதல் வேலையும் பெரிய வேலையும் இதுதான். இப்போது கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் இருக்கிறது. எத்தனால் நீரை உறிஞ்சும். மழைக்காலத்தில் பாதி காலியான டேங்க்கின் உள்ளே ஈரம் படிந்து, அளவு மீறியதும் எத்தனாலும் நீரும் சேர்ந்து அடியில் தனி அடுக்காக இறங்கிவிடும். இயந்திரத்துக்குப் போகும் குழாய் உறிஞ்சுவதும் அடியிலிருந்துதான். ஒரு கார்த்திகை மாதம் ஜெகதாப்பட்டினத்துக்கு அருகே என் இயந்திரம் நின்றுபோனதற்கு இதுவே காரணம். இரண்டு மாதப் பழைய பெட்ரோலை நம்பிக் கிளம்பியிருந்தேன்.

எனவே பழையதை வடித்துவிடுங்கள். டேங்க்கின் அடியிலிருந்து ஒரு கண்ணாடிப் பாட்டிலில் பிடித்து அரை மணி நேரம் அசையாமல் வையுங்கள். கீழே கோடு தெரிந்தால் டேங்க்கையே கழுவவேண்டும். நீர் பிரிக்கும் வடிகட்டியைப் புதிதாக மாற்றி, மாற்று ஒன்றையும் எடுத்துக்கொள்ளுங்கள். புதிய பெட்ரோலைக் கிளம்பும் முன் நிரப்பினால் போதும்.

அளவு: போக ஒரு பங்கு, திரும்ப ஒரு பங்கு, கையிருப்பாக ஒரு பங்கு. அமைதியான கடலில் பார்த்த செலவுக் கணக்கு எதிர்க்காற்றில் உதவாது.

2. இயந்திரம்

கியர் ஆயிலைச் சிறிது வடித்துப் பாருங்கள். பால் கலந்ததுபோல் வெளுத்திருந்தால் சீல் வழியே நீர் புகுந்திருக்கிறது. அதைச் சரிசெய்யாமல் புறப்படக்கூடாது. இயந்திரத்தை ஓட்டும்போது குளிர்விக்கும் நீர் பக்கவாட்டுத் துளையிலிருந்து விசையோடு பீய்ச்சவேண்டும். மெலிந்து ஒழுகினால் அந்த நீரை இறைக்கும் ரப்பர் சக்கரமான இம்பெல்லரை மாற்றுங்கள். மாற்று ஸ்பார்க் பிளக், விசிறியைத் தண்டோடு இணைக்கும் ஊசி (பின்), ஸ்பேனர் ஆகியவை ஈரம் புகாத டப்பாவில் இருக்கட்டும்.

3. பேட்டரி

ஓய்வில் 12.6 வோல்ட் காட்டவேண்டும். 12.4க்குக் கீழே இருந்தால் சார்ஜ் செய்யுங்கள். படகின் அடியில் தேங்கும் நீரை இறைக்கும் பம்ப் இதை நம்பித்தான் ஓடுகிறது. கூடவே ஒரு வாளியும் வேண்டும்.

4. நங்கூரம்

ஆழம் குறைந்த கடல் இந்த ஓரிடத்தில் நமக்கு உதவுகிறது: இயந்திரம் நின்றாலும் நங்கூரம் தரையைத் தொடும். கயிறு ஆழத்தைப்போல் ஏழு மடங்காவது இருக்கட்டும். அணியத்தில்தான் கட்டவேண்டும். அமரத்தில், அதாவது பின்பக்கத்தில், கட்டினால் அலை பின்புறமாக ஏறிப் படகை மூழ்கடித்துவிடும்.

5. புறப்படும் நாள்

வானிலை மையத்தின் மீனவர் எச்சரிக்கையை முந்தைய இரவும் அன்று காலையும் பாருங்கள். 1964இல் தனுஷ்கோடியை அழித்த புயல் வந்தது டிசம்பர் 22 இரவில். ஐப்பசி அடைமழை முடிந்துவிட்டதே என்று துணிய வேண்டாம். உயிர்காப்பு அங்கியைக் கரையிலேயே அணிந்துகொள்ளுங்கள். படகிலிருந்து பேச உதவும் விஎச்எப் வானொலி, ஆபத்து அழைப்புக்கான சேனல் 16இல் இருக்கட்டும். எந்த ஊர் வழியாகப் போகிறீர்கள், எத்தனை மணிக்குள் உங்களிடமிருந்து அழைப்பு வராவிட்டால் கடலோரக் காவல்படையின் 1554 எண்ணுக்குச் சொல்லவேண்டும் என்பதை ஒரு தாளில் எழுதி, கரையில் இருப்பவர் கையில் கொடுத்துவிட்டுக் கயிற்றை அவிழுங்கள்.